எழுதி வைத்ததும் இணைந்திருப்பதும்: கணினி வலையமைப்பை ஆவணப்படுத்துவது பற்றி

2018 ஏப்ரல் மாதத்தில், கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் ஒரு திருட்டைக் கண்டுபிடித்தது. வெளியாள் ஒருவருக்கு வழங்கப்பட்டிருந்த பயனர் கணக்கு வேறு யாரோ ஒருவரின் கைக்குப் போய், அதன் வழியே ஆய்வகத்தின் முக்கியமான அமைப்பு ஒன்றிலிருந்து தரவு வெளியேறியிருந்தது. நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019 ஜூன் மாதத்தில் வெளியிட்ட தணிக்கை அறிக்கை இதை விரிவாகச் சொல்கிறது. போனவை 23 கோப்புகள், ஏறத்தாழ 500 மெகாபைட். அவற்றுள் இரண்டு, செவ்வாய்க் கோள் ஆய்வுத் திட்டம் சார்ந்தவை. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட தகவல்களைக் கொண்டவை. ஊடுருவல் ஏறக்குறைய பத்து மாதங்கள் யார் கண்ணிலும் படவில்லை. நுழைவதற்கு வாசலாக அமைந்தது ஒரு ராஸ்பெர்ரி பை, அதாவது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறு கணினி. அதை ஆய்வகத்தின் வலையமைப்பில் இணைக்க அனுமதி இல்லை; ஆனாலும் அது இணைந்திருந்தது.

இந்தச் செய்தி வெளியானபோது எல்லோரும் அந்தச் சிறு கணினியைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அறிக்கையின் வேறொரு பகுதிதான் முக்கியமாகப் பட்டது. எந்தக் கருவி எங்கே இணைந்திருக்கிறது என்பதைப் பதிவு செய்ய அந்த ஆய்வகத்தில் ஒரு தரவுத்தளம் இருந்தது. புதிய கருவி எதையும் அதில் சேர்த்தாக வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆயினும் தரவுத்தளம் முழுமையாகவும் இல்லை, சரியாகவும் இல்லை என்று தணிக்கையாளர்கள் கண்டார்கள். ஏன் பதிவு செய்வதில்லை என்று கேட்டபோது நிர்வாகி ஒருவர் சொன்ன காரணத்தையும் எழுதியிருக்கிறார்கள்: தரவுத்தளத்தில் புதுப்பிக்கும் வசதி சில நேரம் வேலை செய்வதில்லை, அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விட்டால் மறந்துபோகிறது. வலையமைப்பு வேலையில் இருக்கும் எவரும் இந்தப் பதிலைக் கேட்டுத் தலையசைக்கத்தான் செய்வார்கள். விண்கலங்களை வேற்றுக் கோள்களில் துல்லியமாக இறக்கும் ஓர் ஆய்வகத்திலேயே பதிவேடு இப்படித்தான் பின்தங்குகிறது என்றால், சோம்பல் என்றோ அறியாமை என்றோ சொல்லி இதைக் கடந்துவிட முடியாது.

எந்த நிறுவனத்திலும் வலையமைப்பு இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று, வரைபடத்திலும் எக்செல் தாளிலும் எழுதி வைத்திருப்பது. மற்றொன்று, கருவிகளை அடுக்கி வைக்கும் சட்டகமான ராக்குக்குள்ளும் சுவருக்குப் பின்னாலும் உண்மையில் இணைந்திருப்பது. எழுதி முடித்த அன்று இரண்டும் ஒன்றாக இருக்கலாம். மறுநாள் காலையில் யாரோ ஒரு பிரிண்டரை வேறு மேசைக்கு மாற்றுகிறார்கள். அப்போதே பிளவு தொடங்கிவிடுகிறது. ஆவணப்படுத்துவது என்றதும் பலர் அழகான வரைபடம் ஒன்றை வரைவதாக எண்ணிக்கொள்கிறார்கள். வரைவது அதில் எளிதான பாகம். எழுதியதற்கும் இருப்பதற்கும் இடையே விழும் இந்த இடைவெளியைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பதில்தான் அதன் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

இந்தச் சிக்கல் கணினி வலையமைப்புகளின் வயதளவுக்கே பழையது. 1969 டிசம்பரில், இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்தவை நான்கு முனைகள்: லாஸ் ஏஞ்சலிஸிலும் சாண்டா பார்பராவிலும் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்கள், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம், யூட்டா பல்கலைக்கழகம். நான்கு வட்டங்களும் சில கோடுகளும் போட்டால் வரைபடம் முடிந்தது. முனைகள் பெருகப் பெருக, அந்த வலையமைப்பைக் கட்டிய பி.பி.என். நிறுவனத்தார் இரண்டு வகை வரைபடங்களை வெளியிடலானார்கள். ஒன்று அமெரிக்க நிலப்படத்தின் மேல் முனைகள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று காட்டியது. மற்றொன்று ஊரை மறந்துவிட்டு, எந்த முனையில் என்னென்ன கணினிகள் தொங்குகின்றன என்று காட்டியது. இடம் சார்ந்த படமும் தொடர்பு சார்ந்த படமும் வேறுவேறாக இருந்தாக வேண்டும் என்பதை அவர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள்.

கணினிகளின் பெயர்ப் பட்டியல் கதை இன்னும் பொருத்தமானது. அர்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் வலையமைப்புத் தகவல் மையத்தில் பராமரிக்கப்பட்டன. எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய அந்த மையத்துக்கு மாற்றங்களை எழுதித் தெரிவிக்க வேண்டும். மையம் கோப்பைத் திருத்தி வெளியிடும். மற்றவர்கள் அதை எடுத்து வைத்துக்கொள்வார்கள். கணினிகள் நூற்றுக்கணக்கில் பெருகியதும், ஒவ்வொருவர் கையில் இருந்த பிரதியும் ஏதோ ஒரு விதத்தில் பழையதாகவே இருந்தது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த, கணினியின் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டி.என்.எஸ். முறை இதைத் தீர்த்தது. இது என்ன செய்தது என்று பார்த்தால், அந்தந்தப் பகுதியின் பதிவை அந்தந்தப் பகுதிக்காரர்களே வைத்துக்கொள்ளும்படி பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தது. மாற்றத்தைச் செய்பவர் கையிலேயே பதிவும் இருந்தால் அது பழையதாவது குறையும். அலுவலக வலையமைப்புக்கும் இது அப்படியே பொருந்தும். பிறகு இதற்கு வருகிறேன்.

வரைபடத்துக்கு வருவோம். ஒரே தாளில் எல்லாவற்றையும் காட்ட முயல்வதுதான் புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் செய்யும் முதல் தவறு. கேபிள், கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச், அதே ஸ்விட்ச்சுகளுக்குள் தனியாகப் பிரித்து ஓட்டும் வி-லேன், ஒவ்வொரு கருவிக்கும் எண்ணால் தரப்படும் ஐ.பி. முகவரி, போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலின் விதி என எல்லாம் ஒரே படத்தில் ஏறினால், அந்தப் படம் சுவரில் ஒட்டத்தான் உதவும். குறைந்தது மூன்று படங்கள் வேண்டும். முதலாவது பௌதிகப் படம்: எந்தக் கட்டடம், எந்தத் தளம், எந்த ராக், அதில் எத்தனையாவது யூனிட், எந்த போர்ட்டிலிருந்து (கேபிளைச் சொருகும் துளை) எந்த போர்ட்டுக்குக் கேபிள் போகிறது. இரண்டாவது, ஸ்விட்ச்சுகள் தமக்குள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன, எந்த வி-லேன் எதன் வழியே ஓடுகிறது என்பது. மூன்றாவது, ஐ.பி. வலையமைப்புகள், அவற்றை இணைக்கும் ரூட்டர்கள், ஃபயர்வால், இணையச் சேவை நுழையும் இடம். மூன்றிலும் ஒரே கருவிக்கு ஒரே பெயர் இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

இரண்டாவது படத்தைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். அதை விடுவதால் என்ன நேரும் என்பதற்கு பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில் 2002 நவம்பரில் நடந்தது சான்று. அந்த மாதம் 13-ஆம் தேதி மருத்துவமனையின் வலையமைப்பு திணறத் தொடங்கியது. ஆராய்ச்சியாளர் ஒருவரின் மென்பொருள் பெருமளவு தரவை அனுப்பியதில் சுமை கூடியதுதான் தொடக்கம். ஆனால் அந்தச் சுமை நீங்கிய பிறகும் வலையமைப்பு எழவில்லை. எழுவதும் விழுவதுமாகச் சுமார் நான்கு நாட்கள் கழிந்தன. ஆய்வக முடிவுகளும் மருந்துச் சீட்டுகளும் காகிதத்துக்குத் திரும்பின. தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்கள் தளம் தளமாக ஓடினார்கள். அப்போது மருத்துவமனையின் தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்த ஜான் ஹலம்கா, நடந்ததை ஒளிக்காமல் வெளியே சொன்னார். அதனால்தான் இந்த நிகழ்வு இன்றளவும் பாடமாகப் பயன்படுகிறது.

காரணம் புரிய ஒரு சிறு விளக்கம் தேவை. ஈதர்நெட் ஸ்விட்ச்சுகள் வட்டமாக இணைந்துவிட்டால், தரவுப் பொட்டலங்கள் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றை நிறுத்தும் எண்ணிக்கைக் குறி எதுவும் ஈதர்நெட்டில் இல்லை. அதைத் தடுக்க, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் 1985-இல் ஸ்பேனிங் ட்ரீ என்ற முறையை வகுத்தார். உபரிப் பாதைகளைத் தானே மூடி, வட்டத்தை மரமாக மாற்றும் முறை இது. இதன் இயல்பான நேர அளவுகள், வலையமைப்பின் எந்த இரு முனைகளுக்கு இடையிலும் ஏழு ஸ்விட்ச்சுகளுக்கு மேல் இருக்காது என்ற கணக்கில் அமைந்தவை. 1996-இல் இரண்டு மருத்துவமனைகள் இணைந்து உருவான அந்த மையத்தில், வலையமைப்பும் துண்டு துண்டாகச் சேர்த்துக் கோக்கப்பட்டு வளர்ந்திருந்தது. அதன் ஒரு பகுதி அந்த எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. ஒவ்வொரு முறை ஒரு ஸ்விட்ச்சைச் சேர்த்தவரும் தன் கண்முன் இருந்த வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார். ஆனால் முனையிலிருந்து முனைக்கு எத்தனை ஸ்விட்ச் என்று எண்ணுவதற்கு ஒரு படம் வேண்டும். எண்ணுவதற்கு ஒரு நிமிடம் போதும். படம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரியான படத்தை எப்படி அடைவது? கருவிகள் தம்மைப் பற்றித் தாமே நிறையச் சொல்கின்றன. கேட்கத் தெரிந்தால் போதும். ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். வலையமைப்பில் 10.20.4.57 என்ற முகவரியிலிருந்து சந்தேகத்துக்கு உரிய போக்குவரத்து வருவதாக ஃபயர்வால் காட்டுகிறது. அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் ரூட்டரின் ஏ.ஆர்.பி. பட்டியலைப் பார்க்க வேண்டும். அந்த ஐ.பி. முகவரிக்கு உரிய 48 பிட் மேக் முகவரி, அதாவது கருவியின் வன்பொருள் முகவரி, அங்கே இருக்கும். மேக் முகவரியின் முதல் பாதியான 24 பிட், தயாரிப்பாளருக்கு ஐ.இ.இ.இ. என்ற தர நிர்ணய அமைப்பு ஒதுக்கியது, எனவே அதைப் பார்த்ததும் அது பிரிண்டர் நிறுவனத்தினுடையதா, கேமரா நிறுவனத்தினுடையதா என்று ஓரளவு தெரிந்துவிடும். அடுத்து, மைய ஸ்விட்ச்சின் மேக் பட்டியலில் அந்த முகவரியைத் தேடினால், எந்த போர்ட் வழியே அது தெரிகிறது என்று காட்டும். அந்த போர்ட்டின் மறுமுனையில் மற்றொரு ஸ்விட்ச் இருந்தால், அங்கே போய் மீண்டும் தேட வேண்டும். இப்படி இரண்டு, மூன்று படி இறங்கியதும், ஒரே ஒரு மேக் முகவரி மட்டும் தெரியும் போர்ட் ஒன்று வரும். கருவி அதில்தான் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மேக் பட்டியலில் ஒரு பதிவு வழக்கமாக 300 வினாடிகள் வரைதான் தங்கும். கருவி அதற்குள் மறுபடி பேசாவிட்டால் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஆகவே ஒருமுறை பார்த்துக் காணவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. மற்றொன்று, கடைசி போர்ட்டில் ஒரே மேக் முகவரிக்குப் பதில் பல முகவரிகள் தெரிந்தால், அதற்கு அப்பால் நம் கணக்கில் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் அப்படி ஒரு போர்ட்டைக் கண்டேன். பதிவேட்டின்படி அது ஒரு மேசைக்குப் போகும் கேபிள். ஸ்விட்ச்சிலோ ஆறு மேக் முகவரிகள் தெரிந்தன. சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தால் ஒரு கணினிதான் இணைந்திருந்தது. கேபிளின் போக்கைத் தொடர்ந்து ஏணி வைத்து ஏறி, ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையை நகர்த்தினோம். உள்ளே, பாதி தூசி மூடிய 8 போர்ட் ஸ்விட்ச் ஒன்று கம்பியில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடாப்டர் விளக்குக்குப் போகும் மின் இணைப்பில் சொருகப்பட்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூடத்தைத் தடுத்துக் கூடுதல் இருக்கைகள் போட்டபோது, புதிதாகக் கேபிள் இழுக்க நேரமில்லாமல் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் செய்துவிட்டுப் போன ஏற்பாடு அது. மாலையில் விளக்கை அணைத்தால் அந்தப் பகுதியில் இணைப்பும் போய்விடும் என்பதும், அங்கிருந்தவர்கள் மாதக்கணக்கில் புகார் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம் என்பதும் அப்போதுதான் எங்களுக்கு விளங்கின. பதிவேட்டையும் மேக் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதால்தான் அது அகப்பட்டது.

அண்டைக் கருவி யார் என்பதை ஸ்விட்ச்சுகளே அறிவிக்கும் முறையும் உண்டு. சிஸ்கோ தன் கருவிகளுக்கென வகுத்த சி.டி.பி. முதலில் வந்தது, பின்னர் 2005-இல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான தரமாக எல்.எல்.டி.பி. வந்தது. இதன்படி ஒவ்வொரு கருவியும் வழக்கமாக 30 வினாடிக்கு ஒருமுறை, என் பெயர் இது, என் இன்ன போர்ட்டிலிருந்து பேசுகிறேன் என்று பக்கத்துக் கருவிக்குச் சொல்கிறது. எல்லா ஸ்விட்ச்சுகளிடமிருந்தும் இந்தத் தகவலை, கருவிகளிடம் அவற்றின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறையான எஸ்.என்.எம்.பி. வழியே திரட்டினால், ஸ்விட்ச்சுகளுக்கு இடையிலான படத்தை மென்பொருளே வரைந்துவிடும். ஆனால் ஃபால்ஸ் சீலிங்கில் தொங்கிய அந்த மலிவு விலை ஸ்விட்ச்சைப் போன்றவை எதுவும் பேசுவதில்லை. இந்த முறையை மட்டும் நம்பியிருந்தால் அது படத்தில் இடம்பெற்றே இருக்காது.

வலையமைப்பை வருடிப் பார்க்கும் மென்பொருள்களில் எல்லோருக்கும் தெரிந்தது என்மேப். கார்டன் லியோன் 1997-இல் வெளியிட்டது. 256 முகவரிகள் கொண்ட ஒரு பகுதியை இது சிறிது நேரத்தில் தட்டிப் பார்த்துவிடும். ஆயினும் பழைய தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் சில மருத்துவக் கருவிகளும் இப்படித் தட்டுவதைத் தாங்காமல் உறைந்துவிடக்கூடும். அவை உள்ள பகுதியில் யாருடைய அனுமதியும் இல்லாமல் இதை ஓட்டுவது பொறுப்பற்ற செயல். ஐ.பி. ஆறாம் பதிப்பில் ஒரு பகுதியிலேயே இரண்டின் 64-ஆம் அடுக்கு அளவுக்கு முகவரிகள் இருப்பதால், வரிசையாகத் தட்டுவது நடவாத காரியம். ரூட்டரின் அண்டைப் பட்டியலைத்தான் நாட வேண்டும். வைஃபையில் இன்னொரு சிக்கல். ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 ஆகிய பதிப்புகளிலிருந்து கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் தற்செயலான மேக் முகவரி ஒன்றைத் தாமே புனைந்து கொடுக்கின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் இப்படிப் புனைந்ததாகவே இருக்கும். பயனரின் தனியுரிமைக்கு இது நல்லது. பதிவேட்டுக்காரர் மட்டும் இத்தகைய கருவிகளை மேக் முகவரியால் அடையாளம் காண்பதை விட்டுவிட்டு, உள்நுழையும் பயனர் கணக்கால் அடையாளம் காணப் பழக வேண்டும்.

கருவிகள் எவ்வளவு பேசினாலும் சில செய்திகள் அவற்றுக்குத் தெரியவே தெரியாது. சுவர்ப் பெட்டிகளிலிருந்து வரும் கேபிள்கள் வந்து முடியும் பலகையான பேட்ச் பேனல் ஸ்விட்ச்சுக்குத் தெரியாது. சுவர்ப் பெட்டியிலிருந்து பேட்ச் பேனல் வரை அதிகபட்சம் 90 மீட்டர் ஓடும் செப்புக் கேபிள், எந்தத் தளத்துக் கூரை வழியே போகிறது என்பதும் தெரியாது. அணைத்து வைத்திருக்கும் கருவி எந்தத் தேடலிலும் சிக்காது. ராக்கில் உள்ள இரண்டு மின் உள்ளீடுகளும் ஒரே யு.பி.எஸ். மேல் நிற்கின்றனவா என்பதை யாராவது போய்க் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. எனவே, கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண் கொண்ட லேபிளை ஒட்டுவது, ஆவண வேலையிலேயே மிக மலிவானதும் மிகுந்த பலன் தருவதுமான காரியம். மார்க்கரால் எழுதிய ஒட்டுத்தாள் ராக்கின் சூட்டில் ஒரு கோடைக்குள் உதிர்ந்துவிடும். லேபிள் பிரிண்டருக்குச் செலவழிக்கும் பணம் வீண் போவதில்லை. லேபிளில் பயனரின் பெயரையோ துறையின் பெயரையோ எழுதக் கூடாது. ஆட்கள் இடம் மாறுவார்கள். தளம், ராக், பேனல், போர்ட் என்று இடத்தை எழுதினால் கட்டடம் நிற்கும்வரை அது பொய்யாகாது.

கருவிகளுக்குத் தெரியாத மற்றொன்று, காரணம். ஒரு ஃபயர்வாலில் ஒரு விதி இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட முகவரி, உள்ளே ஒரு சர்வரின் ஒரு போர்ட்டுக்கு (இங்கே கேபிள் துளை அல்ல, ஒரு சேவையைக் குறிக்கும் எண்) வரலாம் என்கிறது. விதி என்ன செய்கிறது என்பது அதைப் படித்தாலே விளங்கும். யார் கேட்டார்கள், எந்த வேலைக்காக, எப்போது வரைக்கும் என்பது அதில் இருக்காது. அதை இட்டவர் வேலையை விட்டுப் போன பின், அந்த விதியை நீக்க யாருக்கும் துணிவு வராது. நீக்கினால் எது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இப்படியே நூற்றுக்கணக்கான விதிகள் சேர்ந்துபோன ஃபயர்வால்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு விதிக்கும் ஒரே ஒரு வரி, கேட்டவர் வகிக்கும் பொறுப்பு, நோக்கம், மறுபரிசீலனைத் தேதி ஆகிய மூன்றோடு எழுதி வைத்திருந்தால் இந்த அச்சம் எழ இடமில்லை. எந்த மென்பொருளாலும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாத தகவல் இதுதான் என்பதால், எழுத நேரம் குறைவாக இருக்கும்போது நான் முதலில் எழுதச் சொல்வதும் இதைத்தான்.

இனி, நாசா ஆய்வகத்து நிர்வாகி சொன்ன பதிலுக்குத் திரும்பலாம். பதிவேடு பின்தங்குவதற்கு மூல காரணம், வேலை ஒரு இடத்திலும் பதிவு வேறொரு இடத்திலும் நடப்பது. கேபிளைச் சொருகியதும் இணைப்பு வந்துவிடுகிறது, கேட்டவருக்குத் திருப்தி. பதிவு செய்வது அதற்குப் பிறகு வரும், யாரும் கேட்காத ஒரு கூடுதல் வேலை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் பதிவு, பிறகுதான் இணைப்பு. 2016-இல் திறமூல மென்பொருளாக வெளியான நெட்பாக்ஸ் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்தில் ஜெரமி ஸ்ட்ரெட்ச் உருவாக்கிய இந்தப் பதிவேட்டு மென்பொருள், வலையமைப்பு இப்போது எப்படி இருக்கிறது என்பதைத் தேடித் திரட்டுவதை விட, அது எப்படி இருக்க வேண்டும் என்று நாம் தீர்மானித்ததைப் பதிந்து வைப்பதையே தன் வேலையாகக் கொண்டது. அந்தப் பதிவிலிருந்து ஸ்விட்ச்சுக்கான அமைப்புக் கட்டளைகளை நிரலே உருவாக்கும்படி செய்துவிட்டால், பதிவில் இல்லாத போர்ட் இயங்கவே இயங்காது. 802.1எக்ஸ் தரத்தின்படி ஒவ்வொரு போர்ட்டிலும் அடையாளம் கேட்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டால், பதிவு செய்யாத ராஸ்பெர்ரி பை ஒன்றைச் சொருகினாலும் அதற்கு வலையமைப்பு கிடைக்காது. பதிவேட்டில் எழுதுவது அப்போது கூடுதல் வேலையாக இருக்காது. இணைப்புப் பெற அதுவே ஒரே வழியாகிவிடும்.

முப்பது, நாற்பது கணினிகள் உள்ள அலுவலகத்துக்கு இவ்வளவும் தேவையில்லை. பயன்படாத போர்ட்டுகளை ஸ்விட்ச்சிலேயே மூடி வைப்பது இதே பயனைச் சிறிய அளவில் தரும். புதிதாக எதையாவது இணைக்க வேண்டுமானால் யாராவது போர்ட்டைத் திறந்தாக வேண்டும், திறப்பவர் அதே கட்டளையோடு அந்த போர்ட்டின் விளக்கத்திலும் ஒரு வரி எழுதிவிடலாம். ஸ்விட்ச், ரூட்டர் ஆகியவற்றின் அமைப்புக் கோப்புகளைத் தினமும் எடுத்து, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று காட்டும் ரான்சிட், ஆக்சிடைஸ்டு போன்ற இலவச மென்பொருள்களும் உள்ளன. காலையில் வரும் அந்த வேறுபாட்டு மின்னஞ்சலை இரண்டு நிமிடம் பார்ப்பது, ஆண்டுக்கு ஒருமுறை முழு வரைபடத்தைப் புதுப்பிப்பதை விட மேலானது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வெளியாட்களை வைத்திருக்கும் அலுவலகங்கள், செய்த மாற்றத்தைப் பதிந்து கொடுத்தால்தான் பில்லுக்குக் கையெழுத்து என்று ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு இதில் சட்டம் சார்ந்த ஒரு தேவையும் உண்டு. கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையின்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கருவிகளின் பதிவுக் கோப்புகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் அரசு நேர சர்வர்களோடு ஒத்திருக்க வேண்டும். எல்லாக் கருவிகளும் என்றால் எவை என்ற கேள்விக்கு விடை இல்லாமல் இந்த ஆணையை நிறைவேற்ற இயலாது. ஐந்து மாதங்களுக்கு முந்தைய பதிவுக் கோப்பு ஒன்றில் 10.20.4.57 என்று இருந்தால், அன்று அந்த முகவரி யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி. இன்று யாரிடம் இருக்கிறது என்பது அதற்கு உதவாது. முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. சர்வர் எதை யாருக்கு எந்த நேரத்தில் கொடுத்தது என்ற வரலாற்றையும் அதே காலத்துக்குச் சேமித்தால்தான் 6 மணி நேரத்துக்குள் பொருளுள்ள பதில் ஒன்றைச் சொல்ல முடியும். பழைய வரைபடங்களை அழித்துவிடாமல் தேதியிட்டு வைத்திருக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை எங்கே வைப்பது என்பதையும் யோசித்தாக வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் அதன் துணைச் சேவைகளும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றன. பராமரிப்பின்போது, முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை மதிப்பிட இட்ட ஒரு கட்டளை, அந்த வலையமைப்பின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. நிறுவனத்தின் பொறியாளர்கள் பின்னர் எழுதிய விளக்கத்தின்படி, இத்தகைய நேரத்தில் அவர்கள் வழக்கமாக நாடும் உள் கருவிகள் பலவும் அதே வலையமைப்பைச் சார்ந்திருந்ததால் அவையும் இயங்கவில்லை. ஆட்களைத் தரவு மையங்களுக்கு நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. நம் அலுவலகத்தில் ஃபைல் சர்வருக்குள் மட்டும் இருக்கும் வரைபடத்துக்கும் இதே கதிதான்; அது மிகவும் தேவைப்படும் நாளில் திறக்காது. ராக் அறையில் ஓர் அச்சுப் பிரதியும், வலையமைப்பைச் சாராத வேறோர் இடத்தில் ஒரு பிரதியும் கட்டாயம் வேண்டும். அதே சமயம், ஊடுருவ நினைப்பவருக்கு இதை விடப் பயனுள்ள தாள் வேறில்லை. ஆகையால் அச்சுப் பிரதி பூட்டிய அறைக்குள் இருக்க வேண்டும். அதில் கடவுச்சொற்கள் எழுதப்படவே கூடாது. அவற்றைத் தனியே காக்க வேண்டும்.

எதுவுமே எழுதப்படாத வலையமைப்பைப் பெற்றுக்கொண்டவர் எங்கிருந்து தொடங்கலாம் என்று பலர் கேட்பார்கள். எல்லாக் கணினிகளையும் எண்ணத் தொடங்கினால் அது முடியாது. பாதி வழியில் சலித்துப்போகும். இணையச் சேவைக் கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் நின்று, அங்கிருந்து ஃபயர்வால், ரூட்டர், மைய ஸ்விட்ச், தள ஸ்விட்ச் என்று உள்நோக்கி நடப்பது நல்லது. ஸ்விட்ச்சுகளுக்கு இடையே போகும் கேபிள்களுக்கு மட்டும் முதல் நாள் லேபிள் ஒட்டி, அவற்றை ஒரே தாளில் பென்சிலால் வரைந்துவிட்டால் போதும். முழுக் கட்டடத்தையும் முடக்கக்கூடிய கோளாறுகள் பெரும்பாலும் அந்தக் கோடுகளில்தான் எழும். பிறகு எல்.எல்.டி.பி. பட்டியலை எடுத்து அந்தத் தாளோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களைச் சிவப்பு மையால் குறித்து, உடனே எதையும் திருத்தாமல், ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தவறு சில இடங்களில் தாளில் இருக்கும், சில இடங்களில் கேபிளில் இருக்கும். மேசைக் கணினிகளும் பிரிண்டர்களும் கேமராக்களும் அதற்கு அடுத்த வாரங்களில், ஒரு நாளைக்கு ஒரு ஸ்விட்ச் என்ற கணக்கில் வந்து சேரும். அதற்குள் எழுதியவற்றில் சில மாறியிருக்கும். அவற்றை அன்றன்றே அதே தாளில் அடித்துத் திருத்தி, பக்கத்தில் தேதியைப் போட்டுவிட வேண்டும்.